காத் இலையைக் காட்டிப் பயமுறுத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் போதை ஒழிப்புக் கருத்தரங்குகளை ஒழுங்கு செய்யும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும், பெற்றோர் சங்கத்தாருக்கும், வளவாளர்களாக வந்து பேசும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் முயற்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் சொந்தக் காசில் பெற்றோல் அடித்து, வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் போய்ப் பிள்ளைகளோடு கதைக்கிறீர்கள். மண்டபம் தருவதற்கே முகம் சுளிக்கிற அதிபர்களையும் சமாளிக்கிறீர்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்கிற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

அண்மையில் சில பாடசாலைகளில் உங்களில் ஒரு குழுவினர் கொடுத்த துண்டுப்பிரசுரம் என் கைக்கு வந்தது. அதில் ‘காத்’ என்ற ஆபிரிக்க இலையைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி. அந்த இலையைத் தொடர்ந்து சப்பினால் மூளை கருகிவிடும் என்றும், ஆறே மாதத்தில் ஞாபகசக்தி அடியோடு அழிந்துவிடும் என்றும், இதை வெளிநாட்டு விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்றும் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டியவன் என் அயலில் இருக்கிற உயர்தர மாணவன். “சேர், ஆறு மாதம் எண்டு ஆர் அளந்தவை?” என்று கேட்டான். உயிரியல் படிக்கிற பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான். உங்கள் தாளில் அதற்கு விடை இல்லை. விடை இருக்கவும் முடியாது. காத் பற்றிய ஆய்வுகள் சொல்வது அதை அல்ல.

அவை சொல்வது வேறொன்று. ‘மூளை கருகும்’ என்பதைவிட அது அமைதியான செய்தி. ஆனால் பரீட்சையை நம்பி வாழும் இந்த ஊருக்கு அதுதான் கூடுதலாகத் தேவைப்படுகிற செய்தி என்பது என் எண்ணம். அதைத் தான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

காத் என்பது எதியோப்பியா, கென்யா, சோமாலியா, யேமன் ஆகிய நாடுகளில் மெல்லப்படும் ஒரு செடியின் இளம் இலையும் தளிர்த்தண்டும். கென்யாவில் மிரா என்பார்கள். அறிவியல் பெயர் கதா எடுலிஸ். பதினெட்டாம் நூற்றாண்டில் டென்மார்க் மன்னர் அனுப்பிய குழுவோடு அரபு நாட்டுக்குப் போய், 1763 இல் யேமனிலேயே காய்ச்சலில் இறந்துபோன பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற தாவரவியலாளர்தான் மேற்குலகுக்கு அதை முறையாக அறிமுகப்படுத்தியவர். யேமனில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆண்கள் ஓர் அறையில் கூடியிருந்து, இலையை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அடக்கி, மூன்று நான்கு மணித்தியாலம் சப்புவார்கள். ஒருவர் ஓர் அமர்வில் நூறு முதல் இருநூறு கிராம் வரை சப்பிவிடுவார். ஊர்க்கதை, கலியாணப் பேச்சு, காணிப் பேச்சு, அரசியல் எல்லாம் அங்கேதான் நடக்கும். வந்தவருக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டாமல் பேச்சைத் தொடங்காத எங்கள் பாட்டன்மாருக்கு அந்த அறை ஒன்றும் அந்நியமாக இருந்திராது.

இலையில் இருக்கிற முக்கியமான பொருளின் பெயர் கதினோன். 1975 இல் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. உங்கள் வளவாளர்களில் இரசாயனவியல் படித்தவர்கள் இருந்தால் பலகையில் கீறிக் காட்டலாம்: அம்பெற்றமீன் மூலக்கூறில் ஓரிடத்தில் இரண்டு ஐதரசனை எடுத்துவிட்டு ஓர் ஒட்சிசனை இரட்டைப் பிணைப்பால் சேர்த்தால் கதினோன். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் கிழமைக்குக் கிழமை அடிபடுகிற ‘ஐஸ்’, அதாவது மெதம்பெற்றமீன், இதே குடும்பம். மூளையில் செய்தி கடத்துகிற டோபமீன், நோரட்ரினலின் ஆகிய இரசாயனங்களை இவை வெளியே தள்ளுகின்றன. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. புகையாக இழுக்கிற ஐஸ் சில விநாடிகளில் மூளைக்கு ஏறும். சப்புகிற இலையிலிருந்து கதினோன் மெதுமெதுவாக இரத்தத்தில் சேர்ந்து உச்சத்தைத் தொட ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். இலை வாடினால் கதினோன் சிதைந்து வலுக்குறைந்த கதின் ஆகிவிடும். அதனால்தான் பறித்த இலையை வாழையிலையில் சுற்றி, விமானத்தில் ஏற்றி, இரண்டு நாளுக்குள் வாங்குபவர் கையில் சேர்க்க ஓடுகிறார்கள்.

இனி ஞாபகசக்திக்கு வருகிறேன்.

உங்கள் துண்டுப்பிரசுரம் குறிப்பிடும் ‘வெளிநாட்டு விஞ்ஞானிகள்’ யார் என்று எழுதப்படவில்லை. அநேகமாக 2011 இல் பிளொஸ் வண் சஞ்சிகையில் வந்த கட்டுரை பல கைமாறி உங்களிடம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் லொரென்சா கொல்சாத்தோ, பேர்ன்ஹார்ட் ஹொம்மல் ஆகியோரும் சகாக்களும் செய்த ஆய்வு அது. காத் பாவிப்பவர்களையும் பாவிக்காதவர்களையும் எடுத்து, வயது, பால், இனம், மது, கஞ்சா, நுண்ணறிவுச் சோதனைப் புள்ளி எல்லாவற்றிலும் இரு பக்கமும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது பேரளவில்தான். பிறகு இரண்டு சோதனை வைத்தார்கள்.

முதலாவதில் திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும். இப்போது வந்த எழுத்து, அதற்கு இரண்டு இடம் முன்னால் வந்த எழுத்தேதானா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். புதியது வரவரப் பழையதைத் தள்ளிவிட்டு, கடைசியாக வந்தவற்றை மாத்திரம் ஒழுங்கு குலையாமல் மனதில் வைத்திருக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். செய்து பாருங்கள், இரண்டு நிமிடத்தில் வியர்க்கும்.

இரண்டாவதில் சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கி ஒரு பெரிய செவ்வகம் செய்து காட்டுவார்கள், அல்லது அதை மாற்றிக் காட்டுவார்கள். சிலவேளை பெரிய உருவம் என்ன என்று சொல்ல வேண்டும், சிலவேளை சின்ன உருவங்கள் என்ன என்று சொல்ல வேண்டும். எதைச் சொல்வது என்ற குறிப்பு இடையிடையே மாறும். மாறுகிற இடத்தில் எல்லோரும் கொஞ்சம் தடுமாறுவோம். அந்தத் தடுமாற்றத்துக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அளக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனம் திரும்புகிற அந்தத் திறனைத்தான் மன நெகிழ்வு என்கிறார்கள்.

காத் பாவிப்பவர்கள் இரண்டிலும் மற்றவர்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். அதே ஆண்டில் அதே குழுவினர் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தொடங்கிய ஒரு செயலை ‘நிறுத்து’ என்ற சைகை வந்ததும் நிறுத்துகிற திறனும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. அதற்கு முன்னர் 1995 இல் விமானப் பணியாளர்களிடம் செய்த ஆய்விலும், தினசரி காத் சப்புகிறவர்களிடம் நினைவுச் சோதனைகளில் குறை தெரிந்தது. வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் அது அகப்படவில்லை என்பதே அந்தக் கட்டுரையின் கவலை. இதய ஓசை சரி, கண் சரி, பறக்கலாம் என்று கையெழுத்து வைத்த ஆட்கள் அவர்கள்.

அவ்வளவும்தான் ஆய்வு சொல்வது. மூளை கருகியதாக இல்லை, ஆறு மாதம் என்ற கணக்கும் இல்லை. இன்னும் ஒன்று: காத் சப்பியதால் குறை வந்ததா, அல்லது முன்னரே மன நெகிழ்வு குறைந்தவர்கள்தான் பழக்கத்தில் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறார்களா என்று இப்படியான ஓர் ஆய்வினால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டதே தவிர, ஒரே ஆளைப் பழக்கத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. காத் சப்புகிறவர்களில் பலர் கூடவே சிகரெட்டும் பிடிப்பார்கள், இரவு நித்திரையும் கெட்டிருக்கும். இவற்றின் பங்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் முஸ்தபா அல்அப்சி போன்று யேமன் மக்களோடு நீண்ட காலம் வேலை செய்தவர்கள் வலியுறுத்தி வருகிறார்கள்.

இப்படி ‘ஆனால்’ போட்டுப் பேசினால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். உங்களில் ஒருவர் நேரிலும் அப்படிச் சொன்னார். பயம் எவ்வளவு நாளுக்கு நிற்கும் என்பதை யோசியுங்கள். உங்கள் கருத்தரங்கில் முன்வரிசையில் கைகட்டி இருக்கிற பெடியன் ஒருவன் ஏற்கெனவே பாக்கும் புகையிலையும் கலந்த மாவா போடுகிறவனாக இருக்கலாம். அவனுக்குத் தேவாரமும் மறக்கவில்லை, ஆவர்த்தன அட்டவணையும் மறக்கவில்லை. பழைய வினாத்தாள்களின் விடை எல்லாம் தலைகீழாகத் தெரியும். ‘ஞாபகசக்தி அடியோடு போகும்’ என்று நீங்கள் ஒலிவாங்கியில் சொல்கிற அந்த நிமிடத்திலேயே அவன் தன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னது பொய் என்று முடிவு கட்டிவிடுகிறான். அதன் பிறகு வாய்ப் புற்றுநோய் பற்றி நீங்கள் சொல்கிற உண்மையும் அவன் காதில் ஏறாது.

பாடமாக்கி வைத்தது ஒன்று, கைக்குள் வைத்துக் கையாளுகிற நினைவு, அதாவது செயல் நினைவு, வேறொன்று. பருத்தித்துறைக்குப் போகிற மினிபஸ்ஸின் நடத்துனரைப் பாருங்கள். நல்லூரில் ஏறியவர் ஆயிரம் ரூபாய்த் தாள் தந்தார், மிச்சம் பிறகு என்று சொன்னது. கோப்பாயில் ஏறிய அம்மாவுக்கு இரண்டு அரை ரிக்கெற். நீர்வேலியில் இறங்குகிறவர் மூட்டையை மேலே போட்டிருக்கிறார். பின்கதவடியில் நிற்கிற பெடியன் இன்னும் காசு தரவில்லை. ஒரு தரிப்பு வந்ததும் பாதிப்பேர் இறங்கி வேறு பாதிப்பேர் ஏற, இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டும். நடுவில் சாரதி “பின்னால வாகனம் வருதோ?” என்று கத்தினால் அதற்கும் திரும்ப வேண்டும். லைடனில் திரையில் எழுத்துக் காட்டி அளந்தது இதைத்தான். இந்த மனிதர் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாதவராகக்கூட இருக்கலாம். ஆனால் செயல் நினைவிலும் மன நெகிழ்விலும் என்னைவிட நாலு மடங்கு கெட்டிக்காரர். அந்தத் திறன் ஒரு பங்கு மழுங்கினாலும் மிச்சக்காசு மாறிப் போகும், இறக்கவேண்டியவரை அடுத்த தரிப்பில் இறக்குவார், வாய்ச்சண்டை வரும். ‘மூளை கருகிவிட்டது’ என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ‘இவர் முந்தியப் போல இல்லை’ என்று மாத்திரம் சொல்வார்கள்.

பரீட்சை மண்டபத்திலும் இதே கதைதான். இணைந்த கணிதத்தில் ஒரு வழியில் தொடங்கி நடுவில் முட்டினால், அதைக் கைவிட்டு வேறு வழிக்குத் தாவத் தெரிய வேண்டும். முட்டிய இடத்திலேயே நின்று அரை மணித்தியாலத்தைத் தொலைக்கிற பிள்ளைக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. உயிரியல் கட்டுரை வினாவில் கேட்டதை விட்டுவிட்டு, பாடமாக்கிய விடையை இறக்கிவிட்டு வருகிற பிள்ளைகளின் தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் போதையில் எழுதியவர்கள் அல்லர். அது வேறு நோய், எங்கள் ரியூட்டரிகள் வளர்த்துவிட்ட நோய். என்றாலும், மனம் திரும்புகிற திறன் எங்கே தேவைப்படுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

காத் விடயத்தில் உங்கள் மேடையில் கட்டாயம் சொல்லவேண்டியது என்று நான் கருதுவது இதுதான். எதியோப்பியாவிலும் யேமனிலும் பல்கலைக்கழக மாணவர்கள் பரீட்சைக் காலத்தில் காத் சப்புகிறார்கள். கென்யாவில் நெடுந்தூர லொறிச் சாரதிகள் சப்புகிறார்கள். மறந்துபோவதற்காக அவர்கள் அதைத் தொடுவதில்லை. விழித்திருக்க, உசாராக இருக்க, கூடப் படிக்க என்றுதான் தொடுகிறார்கள். சப்பத் தொடங்கிய முதல் மணித்தியாலங்களில் பேச்சு தாராளமாக வரும், தன்னம்பிக்கை ஏறும், யோசனைகள் பொங்கும், மூளை பளிச்சென்று வேலை செய்வதுபோலத் தோன்றும். பிறகு சோர்வு, மனம் கனத்தல், எரிச்சல், நித்திரையின்மை. அந்தச் சோர்வை முறிக்க அடுத்த நாள் மறுபடியும் இலை. ஆளுக்குத் தன் மூளை கூர்மையாகிறது என்ற உணர்வு. சோதனை வைத்துப் பார்த்தால் தொடர்ந்து பாவிப்பவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள். இந்த இரண்டும் எதிரெதிராகப் போகின்றன என்பதே இதில் உள்ள ஆபத்து. தன் குறையைத் தான் கவனிக்கவும் அதே செயல் நினைவுதான் வேண்டும் அல்லவா.

எங்கள் ஊரில் காத் இலை ஒரு பிரச்சினையே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் ‘இதைப் போட்டால் இரவிரவாகப் படிக்கலாம்’ என்ற அந்தப் பொய் இங்கே நன்றாகவே விலைபோகிறது. பரீட்சைக்கு முதல் மாதம் ரியூட்டரி வாசலில் நின்று பாருங்கள். சக்திப் பானப் போத்தல், அதைவிட்டால் மாவா, அதையும் தாண்டினால் ஐஸ். முதல் தடவை ஐஸ் தொட்ட பெடியனிடம் ஏன் தொட்டாய் என்று ஆறுதலாகக் கேட்டால், ‘சந்தோசத்துக்கு’ என்று சொல்பவனும் இருப்பான், ‘நித்திரை வராமல் இருக்க’ என்று சொல்பவனும் இருப்பான். இந்த இரண்டாமவனோடு உங்கள் கருத்தரங்கு கதைப்பதே இல்லை. அவன் கெட்டுப்போக வெளிக்கிட்ட பிள்ளை இல்லை. பெறுபேறு எடுக்க வெளிக்கிட்ட பிள்ளை. மண்டையோட்டுப் படம் போட்ட பதாகை தனக்கானது இல்லை என்றுதான் அவன் நினைப்பான். காத் ஆய்வு அவனுக்கானது. காத் எங்கள் ஐஸின் மெதுவான ஒன்றுவிட்ட சகோதரம். அந்த மெதுவான இலையையே தொடர்ந்து பாவிப்பவர்களிடம் இந்த இரண்டு திறன்களும் குறைந்து காணப்பட்டன என்று சொன்னால், கேட்கிறவன் தானே மிச்சத்தை யோசிப்பான். அதோடு நித்திரையைப் பற்றியும் சொல்லுங்கள். பகலில் படித்தது நினைவில் உறைவதற்கு இரவு நித்திரை வேண்டும் என்பது இன்று விவாதத்துக்கு இடமில்லாத உடலியல். இரவு பத்து மணிக்கும் விடிய ஐந்து மணிக்கும் வகுப்பு வைக்கிற ரியூட்டரிக்காரரும் உங்கள் கூட்டத்துக்கு நன்கொடை தருகிறார்கள் என்பதால் அது சொல்லச் சங்கடமான விடயம்தான். சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. காத் ஆய்வைத் தூக்கி அப்படியே பாக்கின்மேல் ஒட்டிவிடாதீர்கள். பாக்கில் உள்ளது அரெகொலின். அது மூளையில் வேலை செய்கிற வழி வேறு, அசெற்றைல்கோலின் ஏற்பிகள் வழியாக. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அல்சைமர் நோயாளருக்கு அரெகொலினைக் கொடுத்து நினைவு கொஞ்சம் மேம்படுகிறதா என்று பார்த்த சிறு சோதனைகள்கூட நடந்திருக்கின்றன. மேடையில் ‘பாக்குப் போட்டால் ஞாபகசக்தி போகும்’ என்று முழங்கிவிட்டு வந்தால், கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்க்கிற பிள்ளை அதைக் கண்டுபிடித்து உங்களை மடக்கும். பாக்குக்கு எதிராகச் சொல்ல நினைவைத் தேடிப் போகத் தேவையே இல்லை. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைச் சப்பல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் உறுதியான புற்றுநோய்க் காரணிகளுக்கான முதலாம் வகுப்பில் வைத்துவிட்டது, வெறும் பாக்கையும் சேர்த்துத்தான். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் ஒரு காலைப் பொழுது இருந்து பார்த்தவருக்கு வேறு பதாகை வேண்டியதில்லை.

இன்னொன்று. காத் பற்றிப் பேசும்போது யேமன்காரரையும் சோமாலியரையும் ஏதோ அறிவில்லாத சனம்போலச் சித்திரிக்கிற தொனி அந்தப் பிரசுரத்தில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஓர் இலையை விற்றுக் கல்வீடு கட்டிய குடாநாடு எங்களுடையது. யாழ்ப்பாணப் புகையிலை தோணியேறித் திருவிதாங்கூருக்குப் போன காசில் கோயிலும் எழும்பியது, பள்ளிக்கூடமும் எழும்பியது. எதியோப்பிய விவசாயி கோப்பிச் செடியை விட்டுக் காத் நடுகிறார் என்றால், இங்கே தோட்டக்காரர் வெங்காயத்துக்குப் பதில் புகையிலை வைத்த அதே கணக்குத்தான். யேமனில் காத் தோட்டங்கள் நிலத்தடி நீரை வாரி இறைப்பதால் கிணறுகள் ஆழம் போய்க்கொண்டிருக்கின்றன; சுண்ணக்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு கிணற்றை நம்பி வாழும் எங்களுக்கு அவர்களுடைய அந்தக் கவலை நன்றாக விளங்க வேண்டும். அதோடு, லண்டனுக்கோ வளைகுடாவுக்கோ போகப் போகிற பிள்ளைகள் உங்கள் மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2014 ஜூன் வரை கடையில் சட்டப்படி வாங்கக்கூடியதாக இருந்தது காத். அதற்கு முந்தின ஆண்டு அந்நாட்டு அரசின் போதைப்பொருள் ஆலோசனைச் சபை, தடை செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அரசு அதையும் மீறித் தடை செய்தது. நெதர்லாந்து 2013 இலேயே தடை செய்துவிட்டது. ‘அந்த நாட்டில் இது சும்மா இலைதானே’ என்று யாரோ சொன்னதை நம்பி எங்கள் பெடியன் ஒருவன் பொதி சுமந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்தத் தகவல் உதவும். நினைவு பற்றிய மிகைப்படுத்தல் உதவாது.

ஆகவே நான் கேட்பது என்னவென்றால், முதலில் அந்தப் பெட்டிச் செய்தியை எடுத்துவிடுங்கள். மிச்சப் பிரதிகள் இருந்தால் கொடுக்காதீர்கள். அச்சுக்கூலி நட்டத்தை நானும் என் பழைய மாணவர்கள் சிலருமாகப் பங்கிட்டுக்கொள்கிறோம். அந்த இடத்தில், ‘தொடர்ந்து காத் சப்புகிறவர்களிடம் செயல் நினைவும் மன நெகிழ்வும் குறைந்து காணப்பட்டன, காரணம் முழுதாகப் பிரித்தறியப்படவில்லை’ என்று போடுங்கள். கவர்ச்சி இல்லைத்தான். உயர்தரப் பிள்ளைகளுக்கு அது போதும், கீழ்வகுப்புக்குக் காத் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

மேடையில் இருந்து செய்கிற சத்தத்தில் ஒரு பங்கையாவது பாடசாலை மதிலுக்கு வெளியே செலவழியுங்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. புகையிலை கலந்த மெல்லும் கலவைகளுக்கு 2016 இல் வர்த்தமானி மூலம் தடை வந்தது. ஆனாலும் எந்தக் கடையில், எந்தப் போத்தலுக்குப் பின்னால் மாவாச் சரை இருக்கிறது என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதியை உங்கள் சங்கக் கோப்பில் வையுங்கள். கடைக்காரர் உங்கள் சங்கத்து அங்கத்தவராக இருந்தாலும் கொடுங்கள்.

மற்றது, ‘நான் பாவிக்கிறேன்’ என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அதிபரோடு பேசி முடிவெடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போங்கள். இப்போது நடப்பது எங்களுக்குத் தெரியும்: ஒழுக்காற்றுக் குழு, தகப்பனைக் கூப்பிடுதல், ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கக் கதை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மற்றப் பத்துப் பிள்ளைகள் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் போகலாம், யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அப்படிப் போகிற பிள்ளையின் பெயர் வெளியே வராது என்று அதிபரையே மேடையில் வாக்குக் கொடுக்கச் செய்யுங்கள்.

யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நான் அறிவேன். லைடனில் செய்த எழுத்துச் சோதனைக்கு ஒரு கொம்பியூட்டரும் ஓர் அமைதியான அறையும் போதும். பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளிடம், பெயர் கேட்காமல், நித்திரை எத்தனை மணித்தியாலம், மாவா உண்டா, சிகரெட் உண்டா, சக்திப் பானம் உண்டா என்று கேட்டு இந்தச் சோதனையையும் வைத்துப் பார்த்தால் எங்கள் ஊருக்கென்று ஒரு தரவு கிடைக்கும். அதன் பிறகு ஆபிரிக்க இலையை இரவல் வாங்காமலே பேசலாம். ஒரு மருத்துவ மாணவரின் ஆய்வுத் திட்டத்துக்கு இது அளவான வேலை. சங்கம் ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் நாளைக்கே ஆள் பிடிக்கலாம்.

அடுத்த கருத்தரங்கில் எனக்கு அரை மணித்தியாலம் தருவீர்களானால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தச் சோதனையை அட்டைகளை வைத்தே செய்து காட்டுகிறேன். முதலில் நித்திரை கொண்டு வந்த பிள்ளைகள், பிறகு முதல்நாள் இரவு வகுப்பு என்று விழித்திருந்த பிள்ளைகள், கடைசியில் வளவாளர்களும். அட்டைகளை நானே வெட்டிக் கொண்டுவருவேன். திகதியை இரண்டு கிழமைக்கு முன்னர் அறிவித்தால் நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மண்டபத்தில் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில்